காஞ்சிரன்விளையில் உப்பு விழுந்த வருஷம்

காஞ்சிரன்விளையில் பனையேறுகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களாகி, மீதிப் பாதிப் பேர் ஆகலாமா வேண்டாமா என்று பனைக்கொரு யோசனையாக யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊரில் பூதத்தான் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். மை தடவிப் பார்ப்பது, தகடு எழுதுவது, செய்வினை வைப்பது, வைத்த செய்வினையை எடுப்பது, இவைதான் அவன் தொழில். வைக்கிறவனும் எடுக்கிறவனும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், வைத்த இடம் அவனுக்குத்தானே தெரியும் என்று ஊரார் அவனிடமே போனார்கள்.

அப்புறம் டாம்லின்சன் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார். அந்தப் பெயர் நாக்கில் நிற்காததால் ஊரார் அவரைத் தம்பிலிங்கையர் என்று கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாள் வண்டிப் பயணத்துக்கு அப்பால் ஒரு பங்களாவில் இருந்துகொண்டு, ஊருக்கு ஓலைக்கூரை போட்ட ஒரு கோயிலையும், அந்தக் கோயிலுக்கு மாசில்லாமணி என்ற உபதேசியாரையும், உபதேசியாருக்கு ஒரு கறுப்புக் குடையையும் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குடையைத் தேடிப் போகிற வழக்கம் மெல்ல மெல்ல வந்தது. பூதத்தானின் வாசலில் கோழிகள் குறைந்தன. அவன் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தான். நான்காம் நாள் உபதேசியார் போடுவது போலவே ஒரு வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, கருவாடு பொதிந்து வந்த அச்சுத்தாள் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டுக் கிணற்றில் தேவதூதன் இறங்கினான் என்றும், இன்று முதல் தான் மந்திரவாதி இல்லை, தீர்க்கதரிசி என்றும் சொன்னான். தகடு அதே தகடுதான், நடுவில் ஒரு சிலுவைக் கோடு கூடியிருந்தது. கோழியும் அதே கோழிதான். வாய் மட்டும் மாறியிருந்தது. எதைச் சொன்னாலும் முன்னால் "கர்த்தர் சொல்லுதார்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டான்.

ஊரார் இதில் ஒரு சிரமமும் காணவில்லை. காலையில் கோயிலுக்குப் போனார்கள், வெயில் ஏறியதும் பூதத்தானிடம் போனார்கள். ஒரு பக்கம் பாட்டு நன்றாக இருந்தது, இன்னொரு பக்கம் பதில் உடனே கிடைத்தது.

இரண்டு பக்கமும் ஒரு வாரம்கூடத் தவறாமல் போனவள் வெள்ளையம்மாள். அவள் புருஷன் சுயம்பு, நான்கு வருஷத்துக்கு முன்னால் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவன். போனதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. வாரம் ஒரு கருப்பட்டி வட்டோடு அவள் பூதத்தான் முன்னால் உட்காருவாள். "புறப்பட்டுட்டான் தாயி, கர்த்தர் சொல்லுதார்" என்பான். அடுத்த வாரம் "மன்னாருல நிக்கான்" என்பான். அதற்கடுத்த வாரம் "காத்து சரியில்ல, திரும்பிட்டான்" என்பான். இப்படிப் பூதத்தானின் வாயிலேயே சுயம்பு ஆறு தடவை மன்னார் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தான். அங்கிருந்து எழுந்து அவள் உபதேசியாரிடம் வருவாள். "விசுவாசமா இரும்மா. கர்த்தர் கொண்டுவருவாரு" என்பார் மாசில்லாமணி. அவர் கருப்பட்டி வாங்குவதில்லை. ஆனால் சுயம்புவுக்கென்று தினமும் உலையில் சேர்த்துப் போடுகிற சோற்றை, அவன் அன்றைக்கும் வராததால், வெள்ளையம்மாள் ஒரு நாள் உபதேசியார் வீட்டுக்கும் ஒரு நாள் பூதத்தான் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவது வழக்கமாகியிருந்தது.

மாசில்லாமணி கெட்ட மனுஷர் இல்லை. சுயம்பு காய்ச்சலில் இறந்துபோனான், தோட்டத்துக்குக் கீழே அடக்கம் செய்தோம் என்று கண்டியிலிருந்த ஒரு போதகர் எழுதிய கடிதம், பங்களா வழியாக அவர் கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மாள் தன் நாத்தனார் வீட்டு ஏழு பேரையும் ஞானஸ்நானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, அடுத்த வாரம் சொல்லலாம் என்று கடிதத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்தார். அடுத்த வாரம் ஏழு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரமும் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

அந்த நிலையில்தான் பூதத்தான், வருகிற அமாவாசையன்று கடல், நடுவே கிடந்த தேரிச் செம்மணல் மேட்டைத் தாண்டி வரும் என்றும், தன் சிலுவைத் தகட்டைக் கூரையில் கட்டிய வீடு மட்டும் தோணியாக மிதக்கும் என்றும் சொன்னான். பனை ஏறுவதை நிறுத்தினார்கள். ஆட்டைக் கொடுத்துத் தகடு வாங்கினார்கள். இரண்டு தகடு கட்டினால் வீடு வேகமாகப் போகுமா என்று கேட்டவர்களுக்கு, போகும் என்று பதில் கிடைத்தது. இனிப் பொறுக்க முடியாது என்று மாசில்லாமணி முடிவு செய்தார். ஆதிநாளில் ஓர் அப்போஸ்தலர் ஒரு தீவில் கள்ளத்தீர்க்கதரிசி ஒருவனை எதிர்த்து நின்று, நீ குருடனாவாய் என்று சொன்னதும் அவன் கண் இருண்டுபோன அதிகாரத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தார். சந்தைக்குப் புறப்படும்போது அவர் மனைவி ஞானப்பூ குடையை எடுத்துக் கொடுத்தாள்.

"அவன் கண்ணைக் கிண்ணைப் பறிச்சிராதீங்க. கஞ்சி ஊத்த அவன் வீட்டுல ஆளில்ல. அப்புறம் நாந்தான் ஊத்தணும்."

சந்தையில் கருப்பட்டிக் கடைகளுக்கு நடுவே பூதத்தான் ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்தான். மாசில்லாமணி அவனுக்கு எதிரே போய் நின்றார், குடையை மடக்கினார், கையை நீட்டினார். கண்ணைப் பற்றிய வாக்கியம் தொண்டை வரை வந்தபோது, ஞானப்பூ சொன்னது குறுக்கே வந்தது. அவர் தடுமாறி, அந்த அதிகாரத்திலிருந்து வழுக்கி, ஒருத்தி திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன இன்னொரு அதிகாரத்தில் போய் விழுந்தார்.

"கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்லுகிற வாய்..." என்றார். "உப்பாய்ப் போகக்கடவது."

"உப்பா?" என்றான் பூதத்தான். "சரி வே. சனங்களே கேளுங்க, கர்த்தர் சொல்லுதார், அமாவாசைக்குக் கடல் வருது."

சொல்லி முடித்ததும் அவன் வாயிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு உப்புக்கட்டி ஒன்று பக்கத்துக் கடை ஓலைப்பாயில் விழுந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கும்பிடவில்லை. கடைக்காரி அதை எடுத்து, ஊதி, ஓரத்தில் நக்கிப் பார்த்தாள்.

"உப்புதான்" என்றாள். "நல்ல உப்பு. இன்னொண்ணு சொல்லும்."

உப்பு அப்போது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. பத்து மைலுக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் வெள்ளைவெளேரென்று விளைந்து கிடந்தாலும், வரி கட்டிய உப்பைத்தான் தின்ன வேண்டும் என்று சர்க்காரில் சட்டம் இருந்தது. காஞ்சிரன்விளைக்காரர்கள் பாதி நாள் சப்பென்று கூழ் குடித்தார்கள். அதனால் அமாவாசை வந்து, கடல் வராமல், தேரி மணல் சிவப்பாகவே கிடந்தபோது, பூதத்தானை யாரும் அடிக்கப் போகவில்லை. ஓலைப்பெட்டியும் சட்டியும் சுளகுமாக அவன் வாசலில் வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஒரு வாரத்தில் கணக்குப் பிடித்துவிட்டார்கள். மாடு கன்று போடும் என்பது போன்ற சின்னப் பொய்க்கு ஒரு கைப்பிடிதான் விழும். பெண்ணுக்கு ராஜா வீட்டு மாப்பிள்ளை என்றால் ஒரு கும்பா நிறையும். வெள்ளிக்கிழமை உலகம் அழியும் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குக் காணும். சும்மா பொய் சொன்னால் ஒன்றும் விழாது. முன்னால் கர்த்தர் பெயர் இருக்க வேண்டும். அதனால், "சாமி, பெயரைச் சேத்துச் சொல்லுங்க" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் சொல்வது அத்தனையும் பொய் என்று தெரிந்த பிறகு அவன் மீது ஊருக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காயிற்று. நாட்டாமை அவனுக்கு நிழலுக்கு ஒரு பந்தலும், விழுகிறது மண்ணில் புரளாமலிருக்க ஒரு ஓலைப்பாயும் போட்டுக் கொடுத்தார்.

திருட்டு உப்பு என்று கேள்விப்பட்டு, உப்புக் காவல் பார்க்கிற அதிகாரி ஒருவர் குதிரையில் வந்தார். மனுஷன் வாயை உப்பளம் என்று எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, எனக்கு வேலை உயருமா என்று கர்த்தர் ஏதாவது சொல்கிறாரா என்று கேட்டார். கர்த்தர் சொல்லுதார், உயரும் என்றான் பூதத்தான். விழுந்த கட்டியைத் தடயமாகத் துணியில் முடிந்துகொண்டு அதிகாரி வாடிய முகத்தோடு திரும்பிப் போனார்.

மாசில்லாமணியின் நிலைமைதான் பரிதாபம். தான் ஜெயித்தாரா தோற்றாரா என்று அவருக்குப் புரியவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "உபதேசியாரே, உங்க சாபம் நல்ல சாபம்" என்றார்கள். கோயிலில் பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து பந்தலுக்குப் போனார்கள். அவர் பங்களாவுக்கு எழுதினார். தம்பிலிங்கையர் வந்தார்.

ஐயர் பூதத்தானின் வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி வைத்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இது கண்கட்டு என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊரைக் கூட்டி, இலக்கணம் பிசகாத தமிழில் கள்ளத்தீர்க்கதரிசிகளைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தார். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கையை உயர்த்தி, "இந்தத் தேசத்தைக் கர்த்தர் தாமே எங்கள் துரைத்தனத்தாரின் கரத்தில் ஒப்புவித்தார்; இதை அவர் என் ஆத்துமாவோடே சொன்னார்" என்றார். சொன்னதும் இருமினார். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, மடித்து, "பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது" என்றார். பணிவிடையில் ஒரு பல்லை இழந்தேன் என்று சீமைக்கும் எழுதினார். முன்வரிசைப் பெண்கள் ஐயரின் உப்பு பூதத்தானின் உப்பைவிட வெள்ளை, நயமும் கூட என்று பார்த்துவிட்டார்கள். அவரை இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்ல முடியுமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள்.

மாசில்லாமணியும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். சந்தையில் தாம் சொன்ன வாக்கியத்தில் பூதத்தான் என்ற பெயரே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாய் என்றுதான் சொல்லியிருந்தார். எந்த வாய் என்று சொல்லவில்லை. அன்று முதல் கோயிலில் புத்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பார், மூடுவார், உட்காருவார். வெள்ளையம்மாள் எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு வேறு பாதையில் போவார்.

"வெயில் இந்தப் பக்கம் இருக்கு, குடை அந்தப் பக்கம் போகுது" என்றாள் ஞானப்பூ. "என்னத்த மறைக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். கர்த்தர் பெயரைச் சேர்க்காததால் ஒன்றும் விழவில்லை.

பந்தலில் பூதத்தான் மெலிந்துகொண்டே வந்தான். உதடு வெடித்தது, நாக்கு புண்ணாயிற்று, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று கேட்டான். கலியாணம் வைத்திருக்கிறேன், ஊறுகாய் போடணும் என்று ஊரார் கெஞ்சினார்கள். ஒரு நாள் சலித்துப்போய், "கர்த்தர் சொல்லுதார், நாளைக்கு மழை வரும்" என்றான். ஒரு பருக்கைகூட விழவில்லை. ஊர் திட்டித் தீர்த்தது. மறுநாள் மழை கொட்டி, முற்றத்தில் பாய் பாயாகக் காயவைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. உப்புப் போச்சே என்று எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, வெள்ளையம்மாள் மட்டும் வாசலில் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்போகிற மழைக்கு உப்பு விழவில்லை. அப்படியென்றால் விழாததுதான் நிஜம். இதுவரை அவள் உப்புக்கென்று பந்தலுக்குப் போனதே இல்லை. உப்பு விழ ஆரம்பித்த நாளிலிருந்து பூதத்தானிடமோ உபதேசியாரிடமோ சுயம்புவைப் பற்றிக் கேட்கவும் இல்லை, ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. மழை விட்டதும் போனாள்.

பூதத்தான் அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "கேக்காத தாயி."

"சொல்லும்."

"வேற ஏதாவது கேளு. மழை கேளு. மாடு கேளு."

"இத்தனை நாளாச் சொன்னதத்தான் சொல்லச் சொல்லுதேன். என் மாப்ள வாராரா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், வெடித்த உதட்டோடு, "கர்த்தர் சொல்லுதார், மன்னாரத் தாண்டிட்டான்" என்றான். அதுவரைக்கும் விழாத அளவு, தேங்காய்ப் பருமன் உப்பு ஒன்று அவன் கடைவாயைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அதில் ரத்தம் ஒட்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் அதன் அளவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். வெள்ளையம்மாள் அதை முந்தானையில் எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. இவன் பொய் சொன்னால் என்ன, கோயிலிலும் ஒருவர் சொல்லியிருக்கிறாரே என்று ஞாயிறுவரை காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாசில்லாமணி வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடப் போகும்போது, அவள் எழுந்து வந்து அந்த உப்பை மேசைமேல் வைத்தாள்.

"இது அவன் சொன்னது. நீங்களும் இதையேதான் சொன்னீங்க ஐயா. இப்போ ஒரு தரம் சொல்லுங்க."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் முதல் வரிசையில் நாத்தனார் வீட்டு ஏழு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"விசுவாசமா இரும்மா" என்றார். "கர்த்தர் கொண்டுவருவாரு."

விரித்திருந்த புத்தகத்தின்மேல் சின்னதாக, சுத்தமாக, சத்தமே இல்லாமல் உப்பு விழுந்தது. ஞானப்பூ பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். மாசில்லாமணி உப்பைப் புறங்கையால் தள்ளிவிட்டு, பக்கங்களைப் புரட்டி, மடிப்பில் பழுத்துப்போன அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"எப்போ வந்துது?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா அவருக்கும் சேத்து உலை வச்சேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாள் நீங்க தின்னீங்க. ஒரு நாள் அவன் தின்னான்."

மாசில்லாமணி வாசிக்க வாயெடுத்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வாசிக்காண்டாம். எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுங்க. நானே வாசிக்கேன்."

அப்படியே நடந்தது. மூன்று மாதம், மணலில் விரல் வைத்து அவள் எழுத்துப் பழகினாள். சொல்லிக்கொடுத்தது மாசில்லாமணி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டது ஞானப்பூ. அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் ஞானப்பூ வெள்ளையம்மாளுக்கும் சேர்த்து உலை வைத்தாள். எழுத்துக் கூட்ட வந்ததும் ஒரு மத்தியானம் கோயில் நிலைப்படியில் உட்கார்ந்து வெள்ளையம்மாள் கடிதத்தை வார்த்தை வார்த்தையாக வாசித்தாள். சுயம்பு என்ற பெயர் வந்த இடத்தில் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு நான்கு வருஷத்து அழுகையை அழுதாள். ஊரே வந்து கூட உட்கார்ந்து அழுதது. அந்த விஷயத்தில் காஞ்சிரன்விளைக்காரர்கள் குறை வைக்கிறவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு மாசில்லாமணியின் வாயிலிருந்து உப்பு விழவில்லை. தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அவர் பிரசங்கம் கால் மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. பந்தலில் பூதத்தானும் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டான். யார் எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியாதுய்யா" என்றான். அவன் உதடு ஆறியது. ஆறிய உதட்டோடு அவன் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போனபோது ஒருத்தரும் அவனைக் கும்பிடவில்லை.

ஊரில் கூழ் மறுபடியும் சப்பென்று ஆயிற்று. நாட்டாமை தலைமையில் பெரியவர்கள் கூடிப் பேசி, பங்களாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் உபதேசியார் நல்லவர், ஒழுக்கமானவர், ஆனால் அவர் பேச்சில் இப்போது சாரம் இல்லை. ஆவி நிறைந்து, கர்த்தர் தினமும் பேசுகிற ஒரு பிரசங்கியாரை ஐயரவர்கள் தயவுபண்ணி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஐயருக்கு அந்த விண்ணப்பத்தின் பக்தி மிகவும் பிடித்துப்போயிற்று. மாசில்லாமணியைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு மாற்றி, பட்டணத்திலிருந்து யேசுவடியான் என்ற பிரசங்கியாரை அனுப்பினார். அவர் கனத்த குரல்காரர். வண்டியிலிருந்து இறங்கும்போதே, கர்த்தர் வழியெல்லாம் தன்னோடு பேசிக்கொண்டே வந்தார் என்று சொல்லி, வண்டிக்காரனின் துண்டை நிறைத்தார்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. கிறிஸ்தவர்கள் வந்தார்கள், ஆகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் யோசனையை விட்டுவிட்டு வந்தார்கள், அடுத்த ஊர்க்காரர்களும் சுமையெடுக்க ஆளோடு வந்தார்கள். ஆமென் என்று சொல்வதற்குள் இரண்டு பெட்டி நிறைந்தது.

வெள்ளையம்மாள் அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் சந்தைக்குப் போனாள். கடலோரத்திலிருந்து உப்புக் கொண்டுவரும் வியாபாரி, இந்த ஊரில் இனி விற்பனை இல்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கருப்பட்டி வட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"ஊருக்கே சும்மா கிடைக்கு, உனக்கென்னம்மா?" என்றான் அவன்.

"ஒரு படி போடும்" என்றாள்.

வியாபாரி அளந்து போட்டான். அவள் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு, ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க வீட்டுக்கு நடந்தாள்.